பேர் போட வேணாம்னு சொன்ன லேத் பட்டறை அண்ணனுக்கு நன்றி

கோவைல இப்ப மாறின பட்டறை ரொம்ப சின்னது, நம்ம டேபிள் சா (மேசை நடுவுல பிளேடு சுத்துற மரம் அறுக்குற மெஷின்) வலது பக்கம் ரெயில், அதாவது பலகையை நேரா தள்ள ஒட்டி வைக்கிற ஃபென்ஸ்ங்கிற தடுப்பு நகர்ற கம்பி, நீட்டிக்கிட்டு நிக்க இடமே இல்ல, வித்துடலாமான்னு இருந்தப்போ பக்கத்து லேத் அண்ணன் வந்து பாத்துட்டு கேட்டார், "தம்பி, பிளைவுட் ஷீட் அகலம் 4 அடிதானே, நடுவுல கிழிக்க 24 இஞ்ச் போதும்ல, அதுக்கு மேல ரெயில் எதுக்கு?" அந்த ஒரு கேள்வியிலயே எனக்கு பாதி கவலை போயிடுச்சு.

ரெண்டு ரெயிலையும் அளந்து அறுத்து, பிசிறு ராவி, போல்ட் ஓட்டை புதுசா போட்டு, பக்கத்து எக்ஸ்டென்ஷன் டேபிளையும் கழட்டிட்டார், ஒரு பக்கம் வெயிட் குறைஞ்சா மெஷின் சாயும்னு அடியில ஆங்கிள் ஃப்ரேம், பிரேக் வச்ச வீல் வேற. அதெல்லாத்தையும் விட எனக்குப் பெருசா தெரிஞ்சது ஃபென்ஸ் செட் பண்ணின பொறுமைதான், பிளேடுல ஒரே பல்ல மார்க் பண்ணி அதுல இருந்து ஃபென்ஸ் வரைக்கும் முன்னாடி ஒருதரம், சுத்திவிட்டு பின்னாடி ஒருதரம்னு அளந்துட்டே இருந்தார், ஏன்னா பின்பக்கம் ஃபென்ஸ் பிளேடுகிட்ட கொஞ்சம் நெருங்கி இறுகுனாலும் பலகை நம்ம மேலயே உதைச்சுட்டு வரும். பிளேடு கார்டை (கை படாம பிளேடை மூடுற கவசம்) மட்டும் கழட்டவே விடல, அது சரியான பிடிவாதம்.

காசு நீட்டினேன், வாங்கல. ரொம்ப நன்றிண்ணா, அலமாரி வேலை ஆரம்பிச்சாச்சு, ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க.