செபமா, மூச்சுப் பயிற்சியா?

ஆசிரியருக்கு,

தவக்காலத் தியானம் என்று எங்கள் பங்குக் கோவிலில் அழைத்தார்கள். பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து, கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் இயேசுவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

இந்து நண்பர்களின் யோகாவை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் மரபு. இந்தியத் துறவு முறையைத் தழுவிய கிறிஸ்தவ ஆசிரமமான தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்தை 1950-ல் தொடங்கிய துறவிகளின் எளிமையையும் மதிக்கிறேன். ஆனால் நம் செபம் கடவுளோடு பேசுவது. 1989-ல் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை 16-ம் பெனடிக்ட்) கையெழுத்தோடு வத்திக்கான் கிறிஸ்தவத் தியானம் பற்றி வெளியிட்ட மடல் தெளிவாகவே எச்சரித்தது: உடல் பயிற்சியில் கிடைக்கும் இதமான உணர்வைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்புறம் திருவிழா. நன்கொடையாளர் முகம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் புனிதரின் சுரூபத்தையே மறைக்கிறது. இன்னிசைக் கச்சேரிக்கு லட்சங்கள் செலவாகின்றன. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருவானவரைத் தேட வேண்டியிருக்கிறது. இது என்னை மிகவும் வருத்துகிறது.

ஆயர்கள் அந்த மடலைப் பங்குகளில் தமிழில் வாசிக்கச் செய்ய வேண்டும். சனிக்கிழமை மாலைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கென்று ஒதுக்க வேண்டும்.

ஒரு பங்கு உறுப்பினர்,
திண்டுக்கல்