செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: கோட்டை வீட்டு நினைவுகள் உட்பட

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குடியிருப்போர் நலச் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பேரவையின் முன் வைக்கிறேன்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. மழைநீர் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி எழுதிய மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. தெருவிளக்கு, நாய்கள், குப்பை வண்டி வரும் நேரம் மூன்றும் போன ஆண்டு அறிக்கையில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. அந்தப் பத்தியைத் திரும்ப வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. அக்டோபர் 15ஆம் தேதி கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை வந்தபோது நம்மவர்கள் சிலரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். 2015 டிசம்பரில் அடையாறு வாசலுக்கு வந்ததைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். மெட்ரோ பணியால் ராமகிருஷ்ண மடம் சாலையில் போக்குவரத்து மாறிக்கொண்டே இருப்பதால், எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதை வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பதிவிட்ட இரண்டாம் தெரு மாமிக்குச் சங்கத்தின் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி, இந்த ஆண்டு உருப்படியாக நடந்த ஒன்றைப் பற்றி.

பள்ளி ஆண்டு தொடங்கிய சமயம், ஒரு பேரப்பிள்ளை பள்ளியில் கொடுத்த வேலைக்காக என்னிடம் வந்து, "பாட்டி, இந்த ராமகிருஷ்ண மடம் ரோடுக்கு முன்னாடி பிராடீஸ் ரோடுன்னு பேராமே, பிராடி யாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தலைவர் அவர்கள் அது தப்பு என்றார். எதிர்வீட்டு டீச்சரம்மா இருவர் சொல்வதும் தப்பு என்றார். அந்தச் சண்டையிலிருந்துதான் மாதக் கடைசி சனிக்கிழமைகளில் கூடிப் பேசும் நினைவு மாலைகள் தொடங்கின. நவம்பர் மாதக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை, 30ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது.

இளைய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாக: ஜேம்ஸ் பிராடி கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். 1796இல் அடையாற்றின் வடகரையில், குயிபிள் தீவு என்று சொல்லப்பட்ட பகுதியில் 11 ஏக்கர் நிலம் பெற்று, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மாளிகை கட்டினார். முகப்பில் கோட்டைக் கொத்தளம் மாதிரி கோபுரங்கள். ஸ்காட்லாந்தில் தன் குடும்பத்துக்கு இருந்த கோட்டையின் பெயரையே இதற்கும் வைத்து, பிராடி கேஸில் என்றார். ஆனால் அதிக நாள் அனுபவிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு, இதே ஆற்றில் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். மாளிகை பல கை மாறி அரசிடம் வந்தது. 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரி பிறகு இங்கே குடிவந்தது. மாளிகைக்குத் 'தென்றல்' என்று பெயர் வைத்தார்கள். 2013இல் சட்டம் இயற்றி உருவாக்கிய இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவுதான் புத்தகத்தில் கிடைப்பது. நம் மாலைகளில் கிடைத்தது வேறு.

முதல் மாலையிலேயே கோட்டையின் நிறம் தகராறானது. சுத்த வெள்ளை என்று நான். காவி கலந்த மஞ்சள் என்று தலைவர். டீச்சரம்மா மட்டும், "நீங்க ரெண்டு பேரும் எந்த நேரத்துல பார்த்தீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நான் பள்ளிக்கூடம் போகும்போது காலையில் பார்த்தவள். அவர் விளையாடிவிட்டு அந்தி வெயிலில் பார்த்தவர். ஆக, இரண்டு நிறமும் பதிவேட்டில் ஏறின.

பேய் விஷயத்தில் ஒற்றுமை இருந்தது. நம் வயதில் இந்தப் பக்கம் வளர்ந்த யாரைக் கேட்டாலும், இரவில் துரையின் படகு வரும், துடுப்புச் சத்தம் கேட்கும் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் மந்தைவெளி தாண்டினால் ஊர் முடிந்த மாதிரி. ஒரு பக்கம் கல்லறைத் தோட்டம், ஒரு பக்கம் ஆறு, நடுவில் மரங்கள். ஏழு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இருக்காது. வயிற்றுத் தொல்லையால் ஆற்றங்கரைக்கு ஒதுங்கிய ஒரு மாமா, கட்டடத்துக்குள்ளிருந்து "ஹ்ம்ம்ம்" என்று ஒரு முனகல் விடாமல் வந்ததைக் கேட்டு, சொம்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாராம். தம்புராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் ஒரு கச்சேரிக்கும் போகவில்லை என்று அவர் மகள் சொன்னார். டி. பிருந்தாவும் கல்பகம் சுவாமிநாதனும் பாடம் சொல்லிக்கொடுத்த இடத்துக்கு இத்தனை பக்கத்தில் வளர்ந்து, நமக்குக் கிடைத்த சங்கீத ஞானம் இதுதான்.

சுரங்கம் இன்னொன்று. கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது, ஆற்றுக்கு அடியில் புகுந்து அக்கரையில் அடையாறில் போய்த் திறக்கும் என்பது நம் பால்ய காலத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. கபாலி கோயில் குளத்துக்குப் போகும் என்று ஒரு கட்சியும் உண்டு. இப்போது கேளுங்கள்: 2023இல் 'காவேரி' என்று பெயர் வைத்த ஒரு இயந்திரம் கிரீன்வேஸ் சாலையில் இறங்கி, ஆற்றுக்கு அடியில் அடையாறு சந்திப்பை நோக்கித் துளைத்துக்கொண்டு போனது. மெட்ரோ ரயிலுக்காக. "நாங்க அறுபது வருஷம் முன்னாடியே சொன்னோம்" என்று மூன்றாம் தெரு ஐயா மார்தட்டியதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன்.

ஆறு அப்போது எப்படி இருந்தது என்பதற்கு ஒரு மாலை முழுதும் போனது. கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி நாற்றம் தொடங்கும். அடைப்பு உடைந்து கடல் உள்ளே வந்ததும் மடவை மீன் துள்ளும். 1840இல் கட்டிய எல்பின்ஸ்டன் பாலத்தின் மேல்தான் அப்போது எல்லா பஸ்ஸும் போயின. திரு.வி.க. பாலம் வந்தபின் அது ஓரமாக நிற்கிறது. அந்தப் பாலத்தைத் தாண்டி, பிரம்ம ஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்த்துவிட்டு வருவதுதான் நமக்கு உல்லாசப் பயணம். 1989இல் அதன் தாய்மரம் புயலில் சாய்ந்த செய்தியைப் படித்துவிட்டு அப்பா அன்று சாப்பிடவில்லை என்று ஒருவர் சொன்னார். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

ஆகஸ்டு மாலையைப் பற்றித்தான் நான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அன்று கூட்டம் சமூகக் கூடத்தில் இடம் கிடைக்காமல் பூவரச மரத்தடியில் நடந்தது. மரத்தடியில் நாற்பது வருஷமாக இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாம் பேசப் பேச அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நாங்க எல்லாரும் கோட்டைக்குள்ள போய் விளையாடுவோம்" என்று யாரோ சொன்னபோது பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எந்த வாசல் வழியா போவீங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் வரவில்லை. காரணம், நாம் போனதே இல்லை. சுற்றுச்சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தோம். வெளி மைதானத்தில் விளையாடினோம். இத்தனை ஆண்டுகளில் பார்த்தது போனதாகிவிட்டது. உள்ளே போனவர் அவர். அப்பா ஆற்றங்கரையில் துணி வெளுத்தவர். பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கத்து வழியாக அவரோடு போவாராம். தாழ்வாரத்தில் எப்போதும் காற்று இருக்கும், கல் தரை மத்தியானத்திலும் ஜில்லென்று இருக்கும், மரப்படியில் ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் வரும், உள்ளே பாடுகிறவர்கள் ஒரே வரியை நூறு தரம் பாடுவார்கள் என்றார். அந்த வரியைப் பாடியும் காட்டினார். வார்த்தைகள் தெரியவில்லை, மெட்டு மட்டும். டீச்சரம்மா அது கரகரப்பிரியா என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். தலைவர்தான், "டேய், அந்தக் கண்ணாடி!" என்றார். தலைவரின் அனுமதியோடு இதை வாசிக்கிறேன். 1960களின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தெருப் பையன்கள் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போய் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. எண்ணிக்கையாகப் பதினொரு பேர், ஓடினோம். நானும்தான், பெண்பிள்ளை என்று பீல்டிங்கில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். பந்து எடுத்துத் தருவதற்காக எப்போதும் அந்தப் பக்கம் நிற்கிற பையன் ஒருவன் மட்டும் ஓடவில்லை. உள்ளேயிருந்து வந்தவர் "யார் அடிச்சது?" என்று கேட்டதற்கு, "நான்தான்" என்று சொல்லியிருக்கிறான். அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறான். அடித்த மட்டை தலைவருடையது.

"ஏண்ணா ஒத்துக்கிட்டே?" என்று கேட்டேன். "உங்க பேரைச் சொன்னா அடுத்த வாரம் பந்து பொறுக்கக் கூப்பிட மாட்டீங்களே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு வேறொருவருடைய வேட்டியை எடுத்து விரித்துத் தண்ணீர் தெளித்தார். அன்று கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

இதன் பிறகு மாலைகளின் போக்கு மாறியது. ஆற்றோரக் குடிசைகளில் வளர்ந்தவர்கள், வீட்டு வேலைக்கு வந்த அம்மாக்களோடு கூடவே வந்தவர்கள், மாடு வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் என்று தேடிப் போய்க் கேட்டோம். சிலர் வரவில்லை. வேலை நேரம் என்றார்கள்; அது உண்மை, நாம் வைத்த நேரம் நமக்கு வசதியான நேரம். வந்தவர்கள் சொன்னதில் பேய் இல்லை. அவர்களுக்கு அந்த இடத்தில் வேலை இருந்தது. மழை பற்றி மட்டும் நம்மைவிட அவர்களுக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. ஆறு பொங்கியது 1976 நவம்பரா 1985ஆ என்று நாம் அடித்துக்கொண்டபோது, ஒரு பாட்டியம்மா, "ரெண்டு தடவையும்தான். முதல் தடவை என் வீடு போச்சு, ரெண்டாவது தடவை என் தங்கச்சி வீடு" என்று முடித்துவைத்தார்.

சொன்னவர் சொன்னபடியே, முரணை முரணாகவே விட்டு எழுதி வைத்திருக்கிறோம். திருத்த வேண்டும், ஒரே கதையாக்க வேண்டும் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. அச்சிடுவதா, நூலகத்தில் கைப்பிரதியாக வைப்பதா என்பதைப் பேரவை முடிவு செய்யட்டும். இஸ்திரி அண்ணன் சொன்ன பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினோம். ஒரு திருத்தம் சொன்னார்: மரப்படியில் எல்லாப் படிக்கும் சத்தம் வராது, மூன்றாவது படிக்கு வராது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அவரை டிசம்பர் கூட்டத்துக்கு முறைப்படி அழைக்க நினைத்து உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினேன். நம் சங்க விதிப்படி இங்கே வீடு வைத்திருப்பவரோ வாடகைக்கு இருப்பவரோ மட்டுமே உறுப்பினராகலாம். நாற்பது வருஷம் மரத்தடியில் நின்றவர் ஆக முடியாது. போன வருஷம் குடிவந்து, இந்த வருஷம் கிளம்பப்போகிறவர் ஆகலாம். எனவே, "இப்பகுதியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தொழில் செய்பவர்களும்" என்ற சொற்களைச் சேர்க்கும் திருத்தம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது தீர்மானமாக உள்ளது. 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்தாயிற்று. நிறைவேற, வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். முன்மொழிபவர் தலைவர் அவர்கள். வழிமொழிய ஒருவர் தேவை.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்