அடுப்பு அணையாத மாதங்கள்

லியோன்,
பிரான்ஸ்,
பிப்ரவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நால்வரும் நலம். மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசும்போது, "அந்தக் குளிரில் ரொட்டியும் சீஸும் தின்றே காலத்தை ஓட்டுறீங்களா?" என்று வருத்தத்தோடு கேட்டீர்கள். பக்கத்தில் பிள்ளைகள் சத்தம், பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் கையால் சமையல் படித்தவள் நான். இங்கே வீடுகளில் அடுப்பு எப்படி எரிகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

முதலில் குளிர். லியோனில் பனி கொட்டுவது குறைவுதான். பூஜ்யம் டிகிரியை ஒட்டிய ஈரக் குளிர், ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகளிலிருந்தும் எழும் மூடுபனி, வடக்கே இருந்து 'பீஸ்' என்று ஒரு காற்று. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஊரிலிருந்து வருகிறவர்களைக் குளிரைவிட இந்த இருட்டுத்தான் அதிகம் வாட்டும். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் மருந்து சாப்பாட்டு மேசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் தொடங்கிவிட்டால் போதும், ஒரு விசேஷம் முடிந்து பாத்திரம் காய்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

எங்கள் வீடு க்ருவா ரூஸ் மேட்டில். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பழைய கட்டடம். தறி நிற்பதற்காக நான்கு மீட்டர் உயரத்துக்குக் கூரை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி என்று வைத்திருப்பார்களே, அதைக் கண்டுபிடித்த ஜக்கார் இந்த ஊர்க்காரர். எங்கள் மேட்டுச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு உங்கள் முகூர்த்தப் புடவை ஞாபகம் வரும். கூரை உயரமாக இருப்பதால் வீடு சூடாக நேரமாகும். வீட்டுக்குள் 19 டிகிரி போதும் என்பது இங்கே அரசாங்கமே சொல்லும் கணக்கு. அதனால் வீட்டிலும் கம்பளி ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை. அடுப்பில் சட்டி ஏறிவிட்டால் சமையலறைதான் வீட்டிலேயே கதகதப்பான இடம். எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவோம்.

மேல் மாடியில் ஒரு மதாம் தனியாக இருக்கிறார். எண்பதைத் தொடும் வயது. எனக்கு இந்த ஊர்ச் சமையல் வந்தது அவரிடமிருந்துதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அவர் கீழே வருவார், இல்லாவிட்டால் நாங்கள் மேலே போவோம். குளிர்கால ஞாயிறு என்றால் இவர்களுக்கு 'போத்தோஃபு', அதாவது காய்களோடு மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவைப்பது. நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் மதாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழியைப் பானையில் போட்டுச் செய்யும் இன்னொரு பழைய சமையல் உண்டு, அதற்கு மாறிவிட்டார். ஞாயிறுதோறும் ஒவ்வொரு குடியானவன் வீட்டுப் பானையிலும் ஒரு கோழி இருக்க வேண்டும் என்று நான்காம் ஹென்றி மன்னர் ஆசைப்பட்டதாக இங்கே பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லிக் கொடுப்பார்கள். அவர் ஆண்டது 1589 முதல் 1610 வரை.

செய்முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். இளங்கோழி ஆகாது. முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைதான் வேண்டும். பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து, நறுக்கிய கோழி ஈரல், பூண்டு, பார்ஸ்லி, ஒரு முட்டை சேர்த்து வயிற்றுக்குள் அடைத்து நூலால் தைத்துவிடுவார். கோழியைப் பச்சைத் தண்ணீரில் வைத்துத்தான் அடுப்பை மூட்ட வேண்டும். அப்போதுதான் ருசி மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். நுரை கட்டக் கட்ட எடுத்துவிட்டு, அப்புறம் கேரட், டர்னிப், செலரி, நூலால் கட்டிய லீக்ஸ். ஒரு முழு வெங்காயத்தில் இரண்டு மூன்று கிராம்பைக் குத்தி அதையும் போடுவார். தைம் என்ற வாசனைத் தழை, பிரிஞ்சி இலை போன்ற லோரியே இலை, பார்ஸ்லிக் காம்பு மூன்றையும் ஒரு கட்டாகக் கட்டி உள்ளே விடுவார். தீ ரொம்பச் சின்னதாக இருக்கும். மேலே ஓரிரு குமிழி மட்டும் எழும்பிக்கொண்டே இருக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கவே கூடாது. இப்படி மூன்று மணி நேரம். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, உப்பும் மிளகும்தான். ஆனால் மணம் மாடிப்படி முழுக்க இறங்கி வரும்.

கடைசியில் அந்தச் சாற்றிலேயே அரிசியை வேகவைப்பார். ஆமாம் அத்தை, சோறுதான்! இன்னும் கொஞ்சம் சாற்றை எடுத்து, வெண்ணெயும் மாவும் வறுத்ததில் ஊற்றி, க்ரீமும் முட்டை மஞ்சள் கருவும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஒரு வெள்ளைக் குழம்பு. முதலில் சாறு மட்டும் கிண்ணத்தில் வரும். பிறகு கோழி, காய், சோறு, மேலே அந்தக் குழம்பு. பக்கத்தில் கடுகு விழுதும் ஊறவைத்த குட்டி வெள்ளரிக்காயும். நம் பெரியவன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினான். மிஞ்சியதை மறுநாள் உதிர்த்து, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ஓவனில் வைத்தால் 'அஷி பார்மான்தியே'. உருளைக்கிழங்கைப் பிரெஞ்சுக்காரர்களிடம் பரப்பப் பாடுபட்ட பார்மான்தியே என்பவரின் பெயர் அது. எலும்பை வைத்து இன்னொரு சூப். எதுவும் வீணாகாது.

அந்தக் கிராம்புக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கிராம்பும் ஜாதிக்காயும் ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் பிடியில் மட்டும் இருந்தன. அந்தச் செடிகளை 1770இல் மொரிஷியஸுக்குக் கொண்டுவரச் செய்தவர் பியேர் புவாவ்ர். 1719இல் லியோனில் பிறந்தவர். மதாம் இந்தக் கதையைத் தன் சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவது போலப் பெருமையாகச் சொல்வார்.

வெள்ளிக்கிழமை நான் சைவம்தான், இப்போதும் விடவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. உருளைக்கிழங்கை மெல்லிசாக நறுக்கி, பூண்டு தேய்த்த தட்டில் அடுக்கி, பாலும் க்ரீமும் ஊற்றி, ஜாதிக்காயைத் துருவிப் போட்டு, குறைந்த சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓவனில் வைப்பது. க்ராத்தான் தோஃபினுவா என்று பெயர். நறுக்கிய பிறகு கிழங்கைக் கழுவக் கூடாது. அதிலிருக்கும் மாவுதான் பாலை இறுக வைக்கும். சீஸ் போடலாமா என்று கேட்டால் மதாமுக்கு நிஜமாகவே கோபம் வரும்.

பாரிஸ் ஓட்டல்களைப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுச் சமையல் என்றால் பெரிய மனிதர் சமாசாரம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. இந்த ஊரின் பெயரைச் சமையலில் நிலைநாட்டியது வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். அவர்களில் ஒருவர் எழெனி ப்ராசியே. பக்கத்துப் பிரெஸ் பகுதியில் 1895இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, பண்ணை வேலை செய்து, லியோனுக்கு வந்து சமையல்காரியானவர். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்குமே உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லன் வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் கிடைத்தது. பிற்காலத்தில் சமையலில் உலகப் புகழ் பெற்ற போல் போக்யூஸ் அவரிடம் வேலை பழகியவர். எந்தத் தெருவிலும் கைமணக்கச் சமைக்கும் ஒரு பெண் இருப்பாள் அத்தை. இங்கே ஊரே அவர்களை 'மேர்', அம்மா, என்று மரியாதையோடு அழைத்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

சாப்பிடும் முறையைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பரிமாறுவதில்லை. முதலில் சின்னதாக ஏதாவது, பிறகு முக்கியமானது, பிறகு சீஸ், கடைசியில் இனிப்பு. இந்த வரிசையும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமும் 2010இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பகேத் என்ற நீள ரொட்டி 2022இல். ரொட்டியைத் தட்டில் வைக்க மாட்டார்கள், மேசை விரிப்பின் மேலேயே வைப்பார்கள். கவிழ்த்து வைத்தால் மட்டும் ஆகாது, தரித்திரம் என்று மதாம் சட்டென்று திருப்பிவிடுவார். முக்கோணமாக வெட்டிய சீஸின் முனையை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ருசியான பகுதியும் ஓரத்துத் தோலும் எல்லோருக்கும் சமமாகப் போக வேண்டும். வீட்டில் பெரியவர் எடுக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிட்டது.

விசேஷங்களுக்கு வருகிறேன். டிசம்பர் 8 இந்த ஊரின் விளக்குத் திருநாள். 1852இல் ஃபூர்வியேர் குன்றின் மேல் மாதா சிலை திறப்பதாக இருந்தது. செப்டம்பரில் வைத்த நாள் சோன் ஆற்று வெள்ளத்தால் டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கும் மழை மிரட்டியது. வாணவேடிக்கை நடக்காதோ என்றிருந்த நேரத்தில் வானம் தெளிந்ததும் ஜனங்கள் தாங்களாகவே ஜன்னல் ஜன்னலாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள். இப்போது நகராட்சி பெரிய பெரிய ஒளிக்காட்சிகள் வைக்கிறது, வெளியூர்க் கூட்டம் தாங்காது. எனக்கு ஜன்னல் விளக்குகள்தான் முக்கியம். சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணம், உள்ளே குட்டி மெழுகுவர்த்தி. கார்த்திகைக்குப் பக்கத்தில் வருவதால் நான் நம் அகல் விளக்கையும் சேர்த்து வைத்தேன். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து அழகாக இருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு மினுமினுப்புத் தாளில் சுற்றிய 'பப்பியோத்' சாக்லேட். இதுவும் லியோன் சரக்குதான், உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் பொன்மொழி இருக்கும். ஜனவரியில் 'கலெத்' என்று பாதாம் விழுது வைத்த வட்டப் பணியாரம். அதற்குள் ஒரு சின்னப் பீங்கான் பொம்மையை ஒளித்திருப்பார்கள். முன்பெல்லாம் நிஜ அவரைக் கொட்டைதானாம். வீட்டிலேயே சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். பொம்மை யாருக்கு வருகிறதோ அவருக்குத் தங்கத் தாள் கிரீடம். நம் சின்னவள் அடியிலிருந்து பேர் பேராகக் கூவினாள், பொம்மை மதாமுக்குப் போனது. சாயங்காலம் வரைக்கும் கிரீடத்தைக் கழற்றவில்லை அவர்.

பிப்ரவரி 2 'ஷாந்த்லர்'. எல்லா வீட்டிலும் க்ரேப் என்ற மெல்லிய தோசை சுடுவார்கள். மைதா, முட்டை, பால், கொஞ்சம் வெண்ணெய் கலந்து ஒரு மணி நேரம் மாவை விட்டுவைக்க வேண்டும். ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டியிலிருந்து தூக்கிப் போட்டுத் திருப்பினால் அந்த வருஷம் பணத்துக்குக் குறைவிருக்காது என்று நம்பிக்கை. என் வீட்டுக்காரர் நீங்கள் கொடுத்த பழைய ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு திருப்பினார்.

இனி உடை. இங்கே சாதாரணப் பெண்களிடம் துணி அதிகம் இல்லை அத்தை, இருப்பது நல்ல துணி. மதாமின் கருநீலக் கம்பளிக் கோட்டுக்கு என் கல்யாணத்தை விட வயது அதிகம். உள்ளே புறணி கிழிந்தால் மாற்றுவார், பொத்தான் போனால் தைப்பார், பூட்ஸுக்கு அடி தேய்ந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுப்பார். கறுப்பு, சாம்பல், கருநீலம், ஒட்டக நிறம், இவ்வளவுதான். கழுத்தில் மட்டும் ஒரு பட்டுச் சதுரம், இந்த ஊர் நெசவு, சிவப்போ மஞ்சளோ. அந்த ஒரு துண்டில் முகமே மாறிவிடும். கம்பளியை அடிக்கடி துவைக்க மாட்டார்கள். நீங்கள் பட்டுப் புடவையை நிழலில் காற்றாட விடுவீர்களே, அப்படித்தான். அலமாரியில் பூச்சி வராமலிருக்க லாவெண்டர் பூ முடிச்சு.

கனமாக ஒன்றைப் போடுவதைவிட மெல்லியதாக மூன்றைப் போடுவதுதான் சூத்திரம். எனக்கும் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிவிட்டோம். ஜனவரி இரண்டாவது புதன்கிழமை தள்ளுபடி விற்பனை தொடங்கும், நான்கு வாரம் நடக்கும். அது வரைக்கும் பொறுத்திருந்து வாங்கினேன். பொங்கலன்று பாட்டி கொடுத்த சுங்குடிப் புடவைக்குள்ளே கம்பளி லெக்கிங்ஸ், மேலே அந்தக் கோட்டு, கழுத்தில் மதாம் கொடுத்த பட்டுச் சதுரம். படம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டு அப்பாவிடமும் காட்டுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். நெய் அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டிலிருந்து இங்கே வரக்கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். இங்கத்து வெண்ணெய் அருமையானது, நானே உருக்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக இந்த வருஷ வெயிலில் தாளிப்பு வடகம் போடும்போது எனக்கும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு பொட்டலமாகக் கட்டுங்கள். ஒன்று மதாமுக்கு. வெங்காயத்தையும் பூண்டையும் காயவைத்து உருண்டை பிடிப்பீர்கள் என்று சொன்னதிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். செய்முறையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், நான் பிரெஞ்சில் சொல்லிவிடுகிறேன்.

மாமாவைக் குளிர்ந்த தரையில் உட்கார விடாதீர்கள். பதில் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
செல்வி