டியூப் சாக்கெட்டைப் போர்டிலிருந்து இறக்குங்கள்: பேஸ் ஆம்ப் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: டியூப் (வெற்றிடக் குழாய்) போட்ட பேஸ் கிட்டார் ஆம்ப் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவினர், சர்வீஸ் பிரிவினர்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கருகிய போர்டோடு பழுது பார்க்க வரும் ஆம்ப்களைப் பற்றி உங்களுக்கே நன்றாகத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். கடைசியாக வந்தது நான்கு 6550 பவர் டியூப் போட்ட ஒரு ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டி). ஒரே ஒரு டியூப் ஷார்ட் ஆகியிருக்கிறது, அதன் ஸ்கிரீன் ரெசிஸ்டர் (டியூப்பின் ஸ்கிரீன் என்ற மின்முனைக்கு மின்சாரம் போகும் ரெசிஸ்டர்) எரிந்திருக்கிறது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. டியூப் கெட்டால் அந்த ரெசிஸ்டர் முதலில் போக வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் அது போர்டின்மேல் படுத்த மாதிரி சால்டர் செய்யப்பட்டிருந்தது. அடியிலிருந்த எஃப்ஆர்4, அதாவது போர்டின் கண்ணாடியிழைப் பலகை, கரியானது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பிளேட்டுக்கான (உயர் வோல்டேஜ் வரும் மின்முனை) 3ஆம் பின்னுக்கும் ஸ்கிரீனுக்கான 4ஆம் பின்னுக்கும் நடுவே அந்தக் கரிக்கோடு விழ, புது டியூப் போட்டதும் அங்கேயே ஆர்க் (மின்பொறி) அடித்தது. போர்டு கேட்டு எழுதினால், அந்த மாடலை நிறுத்தியாகிவிட்டது, போர்டு கையிருப்பில் இல்லை, சர்க்யூட் வரைபடம் வெளியாட்களுக்குத் தருவதில்லை என்று பதில். டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. டியூப்கள் மூன்று நன்றாக இருக்கின்றன. ஒரு விரல்நுனி அளவு கரிக்காக முழு ஆம்ப்பும் ஓரமாகக் கிடக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பவர் டியூப் சாக்கெட்டுகளை பிரின்டட் போர்டில் சால்டர் செய்யாதீர்கள். சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள், வயரால் இணையுங்கள்.

கையால் வயரிங் செய்த பழைய ஆம்ப்களுக்குக் கொடி பிடிக்க வந்தவர்கள் என்று எங்களை நினைத்துவிட வேண்டாம். அவற்றின் குறைகளும் எங்கள் கை வழியாகத்தான் போகின்றன. 1950களின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பில் இருக்கும் கறுப்பு ஃபைபர் போர்டு காலப்போக்கில் ஈரத்தை இழுத்து, போர்டே லேசாக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். டியூப்பின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் மின்முனை) தேவையில்லாத டிசி வோல்டேஜ் வந்து உட்கார்ந்துகொள்ளும், என்ன கப்பாசிட்டர் மாற்றினாலும் சத்தம் போகாது. கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் வருடம் போகப்போக மதிப்பில் ஏறும். எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும். எர்த் இல்லாத இரண்டு கம்பி மெயின்ஸ் வயர், மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கப்பாசிட்டர் என்று உயிரோடு விளையாடும் ஏற்பாடும் அந்தக் காலத்துச் சொத்துதான். அதோடு, பழையது எல்லாம் கைவயரிங் என்பதும் சரியில்லை. 1960இல் வந்த ஆம்பெக் பி-15 வரிசையே அந்தப் பத்தாண்டுக்குள் பிரின்டட் போர்டுக்கு மாறிவிட்டது. அந்தப் போர்டுகள் இன்றும் ஓடுகின்றன. காரணம், பவர் டியூப்களின் சூடும் பாரமும் அவற்றின்மேல் ஏற்றப்படவில்லை. சாக்கெட்டுகள் சேஸிஸில் இருந்தன.

ஆகவே போர்டோடு எங்களுக்குப் பகையில்லை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு 6550இன் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் எடுக்கும். நான்குக்கு 6.4 ஆம்பியர், ஆறு டியூப் என்றால் 9.6. ஒரு நோட்டுகூட வாசிக்காமல் ஆறு ஹீட்டர்கள் மட்டும் 60 வாட் சூட்டைக் கொட்டுகின்றன. இந்த மின்னோட்டத்தைப் பழைய ஆம்ப்பில் தடித்த முறுக்கு வயர் சுமந்தது, உங்கள் ஆம்ப்பில் 35 மைக்ரான் செம்புத் தகடு சுமக்கிறது. இதற்குமேல் பிளேட்டின் சூடு. டியூப் கண்ணாடி 200 டிகிரியைத் தாண்டும். சாதாரண எஃப்ஆர்4 சுமார் 130 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, பின்னைச் சுற்றி சால்டரில் வளையமாக ஒரு விரிசல் விழும். ஈயமில்லாத சால்டர் ஈயச் சால்டரைவிட விறைப்பானது, இந்த இழுபறிக்கு அந்த அளவுக்கு வளைந்துகொடுப்பதில்லை. போதாக்குறைக்கு இது பேஸ் ஆம்ப்; ஒவ்வொரு நோட்டுக்கும் கேபினெட் அதிரும், கனமான டியூப் ஆடும், அந்த ஆட்டம் முழுவதும் எட்டு சால்டர் புள்ளிகளில் போய் இறங்கும். 5ஆம் பின்னில் விரிசல் விழுந்தால் பயாஸ் (டியூப்பின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் வோல்டேஜ்) அறுந்து கிரிட் அந்தரத்தில் தொங்கும். டியூப் சிவந்து, ஸ்கிரீன் ரெசிஸ்டரும் போய், மேலே சொன்ன கதை மறுபடி முதலிலிருந்து.

சேஸிஸில் பொருத்திய சாக்கெட் கெட்டால் என்ன வேலை? ஃபில்டர் கப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் சரிபார்த்து, வயர்களைக் கழற்றி, இரண்டு ஸ்க்ரூவைத் திருகி, புதியதை வைத்து, அதே வயர்களை மறுபடி சால்டர் செய்தால் முடிந்தது. அரை மணி நேரம். உங்கள் ஆம்ப்பில் அதே சாக்கெட்டைத் தொட, முன்பக்கத்து நாப்கள், பாட்களின் (வால்யூம் போன்ற கட்டுப்பாடுகளின்) நட்டுகள், ஜாக் நட்டுகள், ரிப்பன் கேபிள்கள், டிரான்ஸ்ஃபார்மர் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றி, போர்டை முழுதாக வெளியே எடுத்துத் திருப்ப வேண்டும். பிறகு எட்டுப் பின்களிலும் ஈயச் சால்டரைச் சேர்த்து உருக்கி இளக்கி, ஃபிளக்ஸ் விட்டு, ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் பேட் (சால்டர் பிடிக்கும் செம்பு வளையம்) உரிந்து கையோடு வரும். கருகிய பகுதியைச் சுரண்டினால் போதாது. வெள்ளையாகத் தெரியும்வரை குடைந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் கரியிலேயே ஆர்க் அடிக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இவ்வளவும் செய்து மாட்டினால் சூடு அதே இடத்தில் மறுபடி காத்திருக்கிறது.

செலவு கூடும் என்பீர்கள். முழு ஆம்ப்பையும் டரட் போர்டில் (உலோக முனைகள் அடித்த பலகை) கையால் கட்டச் சொல்லவில்லை. பிரீஆம்ப்பின் 12ஏஎக்ஸ்7 சிறு டியூப்களைப் போர்டிலேயே விட்டுவிடுங்கள். ஒன்றின் ஹீட்டருக்கு 2 வாட்கூட ஆகாது, அதற்காகச் சண்டையில்லை. நாங்கள் கேட்பது நான்கோ ஆறோ பவர் சாக்கெட்டுகள், சில வயர்கள். அதுவும் முடியாதென்றால் சாக்கெட்டுகளை மட்டும் தனியாக ஒரு சிறிய போர்டில் வைத்து, சாக்கெட்டின் பாரம் சேஸிஸில் இறங்கும்படி முடுக்கி, அந்தச் சிறு போர்டைத் தனி உதிரிபாகமாக விற்கலாம்.

முகப்பில் பழைய காலத்து எழுத்து, பழைய காலத்துத் துணி, பழைய காலத்து நாப் எல்லாவற்றையும் அச்சு அசலாகக் கொண்டுவர முடிந்த உங்களுக்கு, உள்ளே இரண்டு ஸ்க்ரூ மட்டும் ஏன் கொண்டுவர முடியவில்லை என்பது எங்களுக்கு விளங்கவேயில்லை. பின்னால் 'உள்ளே பழுது பார்க்கத்தக்க பாகம் எதுவும் இல்லை' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. அதை மட்டும் முழு நேர்மையோடு எழுதியிருக்கிறீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரும்பில் செய்யும் எடைக் குறைப்பு இன்னொரு வேடிக்கை. கிட்டாரின் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ், பேஸின் இ தந்தி 41, ஐந்து தந்தி பேஸின் பி 31. அலைவெண் பாதியானால், அதே வோல்டேஜுக்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரில் காந்தப்பாயம் இரட்டிப்பாகும். கோரின் பரப்போ சுற்றுகளோ இரண்டு மடங்கு வேண்டும். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் கொடுக்கக் கிட்டத்தட்ட 40 கிலோ இருந்தது என்றால் வடிவமைத்தவர்களுக்குப் பாரம் தூக்கப் பிடிக்கும் என்பதால் இல்லை. இரும்பைக் குறைத்துவிட்டு விளம்பரத் தாளில் வாட்டை மட்டும் அப்படியே எழுதினால், தாழ்ந்த நோட்டில் கோர் நிரம்பிச் சத்தம் சப்பென்று ஆகும். வாசிப்பவர் தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். சரி, டிரான்ஸ்ஃபார்மரை இன்னொரு மடலில் வைத்துக்கொள்ளலாம். சாக்கெட்டுக்கே திரும்புகிறோம்.

சாக்கெட்டைச் சேஸிஸுக்கு இறக்கும்போது கூடவே இவற்றையும் பரிசீலிக்க வேண்டுகிறோம். ஸ்கிரீன் ரெசிஸ்டரைத் தீப்பிடிக்காத 5 வாட் வகையாகச் சாக்கெட் பின்னிலேயே வையுங்கள். போர்டில்தான் இருக்க வேண்டும் என்றால் 10 மில்லிமீட்டராவது தூக்கி நிறுத்துங்கள். ஒவ்வொரு பவர் டியூப்பின் கேத்தோட் மின்முனையிலும் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டு, அளவிடும் புள்ளியை வெளியே கொடுங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லியாம்பியர். 35 வாட் தாங்கும் 6550ஐ 450 வோல்ட்டில் அந்த வரம்பின் 70 சதவீதத்துக்கு வைக்க 54 மில்லியாம்பியர் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்வார்கள், ஷார்ட் ஆவதற்கு முன்பே எந்த டியூப் தடம் மாறுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஹெச்டி (உயர் வோல்டேஜ்) ஃபியூஸைச் சரியான அளவில் போடுங்கள். உற்பத்தியை நிறுத்திய மாடல்களின் சர்க்யூட் வரைபடத்தையும் போர்டு அமைப்பையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். விற்பதற்குப் பொருளே இல்லாத இடத்தில் ரகசியம் காத்து யாருக்கு என்ன லாபம்?

அடுத்த வடிவமைப்புத் திருத்தம் எப்போது வந்தாலும், பவர் டியூப் சாக்கெட்டுகளைச் சேஸிஸுக்கு மாற்றித் தருமாறு மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, முதலில் சொன்ன அந்த ஹெட்டின் போர்டு வரைபடத்தை மட்டுமாவது அனுப்பி வைத்தால் மிச்ச வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டியூப் பேஸ் ஆம்ப் வாசிப்போரும் பழுது பார்ப்போரும்