முப்பது நாள் விருந்தாளி

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முசிறி வீட்டை விற்றுவிட்டு இங்கே என் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கடைசி காலத்தைக் கழிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். என் வீட்டுக்காரி படித்துவிட்டு, "வரச் சொல்லுங்க, பின்கட்டு ரூம் சும்மாதானே கெடக்குது" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் முசிறி வீட்டுக்கு யாரிடமும் முன்பணம் வாங்கிவிடாதே.

விஷயம் இதுதான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை இங்கே தங்கலாம். திரும்பிப் போகும் டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் வந்தால் போலி என்று மூடிவிடு. முப்பதாம் நாள் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் போய் மீ கோரெங் வாங்கிக்கொண்டு மறுநாள் திரும்பி வந்து இன்னொரு 30 நாள் வாங்கலாம் என்று உனக்குச் சொன்ன ஆள் யார்? ஒரு தடவை விட்டாலும் விடுவார்கள். அடுத்த தடவை அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம், அது அவர் உரிமை. தேதி தாண்டி உட்கார்ந்துவிட்டாலோ சட்டத்தில் 10,000 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, குறையாத அபராதம், இல்லையென்றால் 5 வருஷம் வரை சிறை. இந்த வயதில் நமக்கு அது வேண்டாம்.

நீண்ட நாள் தங்க 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2024இல் விதிகளை மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி தட்டு பிரித்துவிட்டார்கள். வெள்ளித் தட்டுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வங்கியில் வைப்புத்தொகை, அதோடு 6 லட்சம் வெள்ளிக்குக் குறையாமல் வீடு வாங்க வேண்டும். பாஸ் 5 வருஷத்துக்கு. உங்கள் ரூபாய்க் கணக்கில் வைப்புத்தொகை மட்டும் ஒரு கோடியைத் தாண்டும். "நம்ம டவுன்ல 6 லட்சத்துக்கு ரெண்டு மூணு டெரஸ் வீடு வாங்கலாமே" என்று என் மகன் சிரித்தான். உன் முசிறி வீட்டை மூன்று தடவை விற்றாலும் நடக்காது.

இன்னொரு வழி கல்யாணம். குடிமகனின் மனைவிக்கோ கணவனுக்கோ நீண்ட காலச் சமூக வருகைப் பாஸ் உண்டு. உனக்கு இப்போது பெண் பார்த்தால் உன் மகள் என்னை உதைக்க வருவாள், அதனால் அதை விடு. என் மருமகள் துறையூர்ப் பெண் என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் திருச்சியில் நடந்தது. வெளிநாட்டில் கட்டின கல்யாணத்தை 6 மாதத்துக்குள் மலேசியாவின் கணக்கில் பதிய வேண்டும் என்பது இங்குள்ள திருமணச் சட்டம். என் மகனுக்கு ஐந்தாவது மாதம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் பாஸ் எடுக்க ஒரு ஏஜண்டு 2,500 வெள்ளி வாங்கிக்கொண்டு பாரத்தில் அவள் பாஸ்போர்ட் எண்ணையே தப்பாக எழுதினான். கடைசியில் நாங்களே ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் நின்றோம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வழியில் பசியாறி, நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். கணவன் கூடவே இருந்தாக வேண்டும், பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவனும் அவன்தான். மருமகள் ஒரு வாரமாக ஒரே ஒரு மலாய் வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தாள்: 'சாயா திங்கால் டி சுங்கை சிப்புட்', அதாவது நான் சுங்கை சிப்புட்டில் குடியிருக்கிறேன். மறக்காமல் இருக்கத் திங்கள்கிழமையோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். கவுண்டரில் இருந்த அம்மா எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதும், "சாயா திங்கள்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். "அப்போ செவ்வாய்க்கிழமை எங்கே இருப்பே?" என்று மகன் தமிழில் கேட்க, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று புரியாமலே அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினாள்.

ஆனால் பாஸில் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. பி.காம் படித்த பெண் ஒன்றரை வருஷம் வீட்டில் முறுக்கு சுட்டாள். அப்புறம் வேலைக்குத் தனியாக அனுமதி வாங்கி இப்போது ஒரு கிளினிக்கில் இருக்கிறாள். 5 வருஷம் தொடர்ந்து இருந்தால் நிரந்தர வாசத்துக்கு, அதாவது சிவப்பு அடையாள அட்டையான ஐசிக்கு, மனு போடலாம். மூன்று முடிந்திருக்கிறது.

சிவப்பு ஐசி என்று எழுதும்போதே உன் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. 1957 மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்குப் பிறகு ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு மனு போட்ட பலருக்கு மலாய் மொழித் தேர்வு கிடையாது. என் அப்பா தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியைப் பிடித்துப் பாரம் எழுதிக் கைநாட்டு வைத்தார். உன் அப்பா, "ஊருக்குத்தானே போகப் போறோம், எதுக்கு?" என்றாராம். ரப்பர் தோட்டத்து லயத்துக் குழாயடியில் நடந்த பேச்சு, என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் ரப்பர் பால்கூடத் தூக்க முடியாது. 1969 இனக் கலவரத்துக்கு அப்புறம் பிடி இறுகியது. 1970இல் உன்னைப் பினாங்கில் ரஜூலா கப்பலில் ஏற்றினார்கள். மகாத்மா காந்தி கலாசாலையில் நம் பெஞ்சில் உன் இடம் அந்த வருஷம் முழுக்கக் காலி.

வேடிக்கை என்ன தெரியுமா? மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். நீ பிறந்தது 58இல். அப்பாவுக்கு இல்லாதது உனக்கு இருந்திருக்கிறது, பன்னிரண்டு வயதுப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. இதைக் கேட்டு ஆசையை வளர்த்துக்கொள்ளாதே. இந்தியாவும் சரி, மலேசியாவும் சரி, இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இத்தனை வருஷம் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த உனக்கு அது தானாகத் திரும்பி வராது. உன் சூராட் பெரானாக்கை, அந்தப் பிறப்புச் சான்றிதழை, மட்டும் கரையான் அரிக்காமல் பத்திரமாக வை. பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

இன்னொன்று. இங்கே அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். உனக்கு வெளிநாட்டுக்காரன் கட்டணம். உனக்குச் சர்க்கரை வேறு. முப்பது நாளுக்கு வேண்டிய மாத்திரையை எண்ணி, டாக்டர் சீட்டோடு எடுத்து வா. பயணக் காப்புறுதியும் போட்டுக்கொள்.

தைப்பூசத்தை ஒட்டி வந்தால் நல்லது. பால்மரம் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை, உனக்கு அடையாளம் தெரியாது. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். பின்கட்டு ரூமுக்கு ஃபேன் மாட்ட வேண்டும், பழையது ஓடும்போது கத்துகிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்