குகைக்குள் மூன்று வாரம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் ரெண்டு வாய்ஸ் மெசேஜுக்கும் பதில் போடாததற்கு முதலில் திட்டிவிடு, அப்புறம் மேலே படி. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. சின்னவள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். குண்டண்ணன் மறுபடி பிசினஸ் தொடங்கியிருக்கிறார். ஆமாம், அதே பிசினஸ்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக நான் ஒரு குகைக்குள் இருந்தேன். 'கொலோசல் கேவ் அட்வென்ச்சர்' விளையாட்டு. கம்ப்யூட்டர் வாத்தியார் ஒருநாள் சொன்னாரே, நீ பின்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாயே, அதேதான். வில் கிரவுதர் 1976 வாக்கில் எழுதியது. மனுஷன் புரோகிராமர் மட்டுமல்ல, குகைகளுக்குள் தவழ்ந்து போய் அளந்து வரைபடம் போடுகிறவர். அமெரிக்காவில் கென்டக்கியில் இருக்கிற நிஜக் குகையைத்தான் விளையாட்டாக்கித் தன் மகள்களுக்குக் கொடுத்தார். 1977இல் டான் உட்ஸ் அதைப் பெரிதாக்கினார். படம் ஒன்றும் கிடையாது, எல்லாம் எழுத்து. திரையில் வருவதைச் சத்தமாகப் படிக்கிற நம்ம என்விடிஏ சாஃப்ட்வேர் வாசிக்கும், நான் 'நார்த்', 'டவுன்' என்று டைப் அடிப்பேன். பார்வை உள்ளவருக்கு வருகிற அதே வரிதான் எனக்கும்.

அதில் ஒரு மேஸ், அதாவது வழி தவற வைக்கும் சுற்றுப்பாதை, வருகிறது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரே வாக்கியம், எழுத்துக்கூட மாறாது. கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்பினால் வந்த அறைக்கு வர மாட்டாய், வேறெங்கோ நிற்பாய். வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டே போனால் வெளியே வந்துவிடலாம் என்ற நம் ஹாஸ்டல் வித்தை அங்கே செல்லாது. தொட ஒரு சுவர் வேண்டுமே!

ஒரே வழி, அறைக்கு ஒரு சாமானைப் போட்டுவிட்டு நகர்வது. மறுபடி அங்கே வந்தால் 'இங்கே சாவி கிடக்கிறது' என்று சொல்லும். ஆனால் கையில் ஏழு சாமான்தான் கொள்ளும். அதில் விளக்கு கூடவே வர வேண்டும், இருட்டில் நடந்தால் குழியில் விழுந்து சாக வேண்டியதுதான். மிச்சம் ஆறு. அறைகளோ அதைவிட அதிகம். ஆரம்பத்தில் எப்படி விளையாடுவது என்ற விளக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த விளக்கும் 330 கட்டளைக்குத்தான் எரியும். நான் வீறாப்பாக வேண்டாம் என்றுவிட்டேன். பிறந்ததிலிருந்து பல்பு எரிகிறதா அணைந்ததா என்று கவலைப்படாதவன், ராத்திரி ஒரு மணிக்குப் பேட்டரிக்காகப் பதறிக்கொண்டிருந்தேன்.

பரணில் இருந்து அப்பாயியின் பல்லாங்குழியை எடுத்தேன். குழிக்கு ஒரு அறை. சாவி கிடக்கும் அறைக்கு ஒரு புளியங்கொட்டை, சாப்பாட்டுக்கு ரெண்டு, தண்ணீர் பாட்டிலுக்கு மூன்று. எந்தக் குழியிலிருந்து எந்தத் திசையில் போனால் எந்தக் குழி என்பதை பிரெயில் ஸ்லேட்டில் குத்திக்கொண்டேன். ஒரு அறையின் எல்லாத் திசையும் தெரிந்துவிட்டால் அங்கே கிடக்கும் சாமானை எடுத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோகலாம். குகைக்குள் ஒரு கடற்கொள்ளைக்காரன் உண்டு, ஆனால் அவன் புதையலைத்தான் பறிப்பான், சாவியையும் சோற்றையும் தொட மாட்டான். மூன்றாவது ஞாயிறு ராத்திரி, விரல் ஐந்தாம் குழியில் இருந்தது. 'இப்போது சாவி வரணும்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே என்டர் தட்டினேன். சாவி வந்தது. இன்னும் சில திருப்பம் தாண்டி ஒரு முட்டுச்சந்தில் அந்தக் கொள்ளைக்காரனின் பெட்டி! எழுந்து நின்றுவிட்டேன் மாப்ளே.

இன்னொரு மேஸும் இருக்கிறது, அது உனக்காகவே செய்த மாதிரி. அங்கேயும் எல்லா அறையும் ஒன்று போலத்தான் தோன்றும். ஆனால் 'லிட்டில்', 'ட்விஸ்டி', 'மேஸ்' என்ற சொற்கள் அறைக்கு அறை இடம் மாறி வரும். ஆபீஸ் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதானே அண்ணா?" என்றான். எனக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளின் குரல் மாதிரி தனித்தனியாகக் கேட்டது.

நீ 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வீடியோ கேமை முடித்ததைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினாய். கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கை, அந்த எல்3ஐ, அழுத்தினால் போக வேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பிவிடும் என்றாய். 2020இல் நம்மைப் போன்றவர்களும் விளையாட அறுபதுக்கு மேற்பட்ட வசதிகளோடு அதைக் கொண்டுவந்தார்களே, அந்தப் பெரிய காரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் உன்னால் அந்த விளையாட்டில் நுழைந்தே இருக்க முடியாது. ஆனால் முடித்த பிறகு, அந்த ஊர் எப்படி இருந்தது, எதற்குப் பக்கத்தில் எது என்று கேட்டேன். உனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர்த்தொட்டி முனையிலிருந்து மெஸ்ஸுக்கு எத்தனை எட்டு என்று எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவன் நீ.

ரெண்டாவது மெசேஜுக்கு நான் பதில் போடாததும் அதனால்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து உன்னைக் கூட்டிப்போகிறவர் லீவு என்பதால் நீயும் லீவு போட்டுவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றலாகிப் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்தத் தெரு எந்தப் பக்கம் திரும்புகிறது, டீக்கடை சத்தம் எங்கே தொடங்குகிறது என்று ஒன்றுமே நீ சொன்னதில்லை. கோபப்படு, பரவாயில்லை. அந்தச் சாக்கடைக்குழியில் விழுந்ததிலிருந்து நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

ரெண்டாம் சனிக்கிழமை வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. ஸ்டாப்பிலிருந்து உன் பேங்க் வாசல் வரை நாம் ரெண்டு பேர் மட்டும், ரெண்டு குச்சி, பத்து தடவை ஆனாலும் சரி. பல்லாங்குழியும் பையில் இருக்கும். கொட்டை மட்டும் உன் வீட்டில் எடுத்து வை, இங்கே இருந்ததைச் சின்னவள் எங்கோ ஒளித்துவிட்டாள்.

உன்,
ரூம் நம்பர் ஒன்பது