சும்மா கிடக்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டாசு ஆலை விபத்துகள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உராய்வு, நிலைமின்சாரம், ஈரம் பட்டுச் சூடேறும் வெடிமருந்து எனப் பொறி பிறக்கும் வழிகளை அது விரிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் ஓர் அறையில் பற்றிய தீ ஏன் அந்த அறையோடு நிற்பதில்லை என்ற கேள்வியை அது தொடவில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றேனும் ஒரு நாள் பொறி விழும் என்று வைத்துக்கொண்டுதான் இத்தகைய ஆலைக்கு வரைபடமே போடுகிறார்கள். அப்படி விழும் நாளில் ஒரு கட்டடத்தோடு சேதம் நிற்க வேண்டும், அந்தக் கட்டடத்திலும் மிகச் சிலரே இருந்திருக்க வேண்டும் என்பதே அந்த வரைபடத்தின் நோக்கம். கட்டட வரைபடங்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்பதால் இதைப் பற்றிச் சிறிது எழுதத் துணிகிறேன்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் மருந்தின் எடையும் வகையுமே முடிவு செய்கின்றன. அட்டைப்பெட்டி, காகிதக் குழாய், களிமண் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மருந்தின் நிகர எடையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வெடிப்பால் காற்றில் பரவும் அழுத்தமான வெடி அலையைப் பொறுத்தவரை, விட வேண்டிய தூரம் அந்த எடையின் கனமூலத்தை ஒட்டிக் கூடுகிறது. அதாவது மருந்து 8 மடங்கானால் (2×2×2) தூரம் 2 மடங்காக வேண்டும். சரக்கை இவ்வளவு கூட்டினாலும் நிலம் அவ்வளவாகத் தேவைப்படவில்லையே என்று இதைக் கேட்டு மகிழ்பவர்கள் உண்டு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பவர்கள்தாம் குறைவு. இருக்க வேண்டிய தூரத்தைப் பாதியாக்கினால், 1,000 கிலோ வைக்கலாம் என்றிருந்த கட்டடத்தில் 125 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்றாகிவிடும். கொஞ்சம் நெருக்கிக் கட்டினால் கொஞ்சம்தானே ஆபத்து கூடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

ஒரே கிடங்கைத் தடுப்புச் சுவர் வைத்து நான்கு அறைகளாகப் பிரித்துவிட்டு நான்கு கிடங்குகள் என்று கணக்குக் காட்டுவதும் இதைப் போன்றதே. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையும் உடனே வெடிக்கும் என்றால், நான்கின் எடையையும் கூட்டி ஒரே குவியலாகத்தான் கொள்ள வேண்டும். சாதாரணச் செங்கல் சுவர் வெடிப்பைத் தடுப்பதில்லை. அதுவே கல் மழையாகப் பறக்கிறது. தாழ்வாகவும் வேகமாகவும் பறந்து வரும் அத்தகைய துண்டுகளைத் தடுப்பதற்கு நடுவே எழுப்பும் மண்மேடு பெரிதும் உதவும் என்றாலும், வெடி அலை அதையும் தாண்டிச் செல்லும் என்பதால், மேடு இருக்கிறது என்பதற்காகத் தூரத்தை முற்றாக மறந்துவிட முடியாது.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000ஆம் ஆண்டு மே 13 அன்று நடந்ததை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கில் காங்கிரீட் அறைகளும் இரும்புக் கொள்கலன்களும் நெருங்கி நின்றன. உரிமம் அனுமதித்ததைவிட வீரியம் கூடிய சரக்கும் உள்ளே இருந்தது. தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் பெருவெடிப்பில் முடிந்ததில் 4 தீயணைப்பு வீரர்கள் உட்பட 23 பேர் இறந்தனர். ஏறத்தாழ 400 வீடுகள் அழிந்தன. திறந்த வெளியில் பெருந்தீயாக மட்டுமே எரியக்கூடிய சரக்கு, இறுக மூடிய இரும்புப் பெட்டிக்குள் மொத்தமாக வெடிக்கவும் கூடும் என்பதால், வகை பார்த்துத் தூரம் குறிக்கும்போது அது எதற்குள் அடைபட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவை வரைபடத்தில் சரியாக இருந்துவிட்டாலும் போதாது என்பதே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மெக்சிகோவின் துல்தெபெக் பட்டாசுச் சந்தையில் 2005ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் கடைகளுக்கு இடையே இடம் விட்டுத்தான் மீண்டும் கட்டினார்கள். ஆனால் நடைபாதைகளிலும் சரக்கை அடுக்கி வைத்திருந்தார்கள். 2016 டிசம்பர் 20 அன்று அங்கே 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்ற பேச்சுதான் எங்கும் இதற்குத் தொடக்கமாகிறது. வேலை நெருக்கடியான நாட்களில் அங்கே உலர்த்தும் பாய் விரிக்கப்படும், பிறகு காலிப் பெட்டிகள் வரும், மழைக்கு ஒரு தகரக் கூரை வரும். கடைசியில் அதன் கீழ் நான்கு பேர் உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருப்பார்கள். எவரும் புல்லை வெட்டாவிட்டால், காய்ந்த புல்லே ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தீயைக் கொண்டுபோகும். (இடைவெளி என்ற சொல்லுக்குப் பதிலாகக் காப்புவெளி என்று வரைபடங்களில் எழுதினால், அதை ஆக்கிரமிக்கக் கை சற்றுத் தயங்குமோ என்று நான் நினைப்பதுண்டு.)

வேலிக்கு வெளியே உள்ள தூரத்தின் கதை இன்னும் சிக்கலானது. உரிமம் வழங்கும் நாளில் பொட்டலாக இருந்த பக்கத்து நிலத்தில் பின்னர் வீடுகள் எழும்போது, வீடு கட்டுபவருக்கும் உண்மை தெரிவதில்லை, கட்ட அனுமதிப்பவரும் ஆலையின் கோப்பைப் பார்ப்பதில்லை. காக்கப்பட வேண்டிய வட்டத்தை நில ஆவணத்திலேயே குறித்து, அந்த நிலத்தின் உரிமையாளருக்கு ஈடும் தர வேண்டும். அதையும் மீறி வீடு வந்துவிட்டால், குறைந்துவிட்ட தூரத்துக்குரிய கணக்குப்படி உள்ளே இருக்கும் மருந்தின் எடையை உடனே குறைக்க வேண்டும். தமிழ்நாட்டின் முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர், முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள் என்பதால், எவ்வளவு தொலைவுக்கு விலகி நிற்க வேண்டும் என்பதைச் சுற்றியிருப்போருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாக வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு செய்தியை வெளியிட நேர்ந்தால், இறந்தோர் எண்ணிக்கையோடு, வெடித்த கட்டடத்தில் எத்தனை கிலோ மருந்துக்கு அனுமதி இருந்தது, எவ்வளவு இருந்தது, அடுத்த கட்டடமும் அருகிலுள்ள வீடும் எத்தனை மீட்டரில் இருந்தன என்ற விவரங்களையும் தங்கள் செய்தியாளர் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்